ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ், ருமேனியன் நாலும் ஒரே கணினியில்: எங்கே எதை மாத்தணும்?

#1 · கீச்சுவிசை

வணக்கம். ஒரே மடிக்கணினியில் விண்டோஸ் 11, டெபியன் 12 இரண்டும் இருக்கு. ஜெர்மன், பிரெஞ்சு, போலிஷ் மூணும் தினமும் தட்டச்சு செய்யணும், ருமேனியன் கோப்புகளைத் திருத்தணும். மெனுவெல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விசைப்பலகை 104 விசை அமெரிக்க வகை.

ஜெர்மன் சேர்த்தேன்; < > | மூணும் எந்த விசையிலும் வரலை. போலிஷ் சேர்த்தேன்; ஒய்யும் இசட்டும் இடம் மாறிடுச்சு. டெபியனில் லொகேலை ஜெர்மன் ஆக்கினதும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் 3.14 என்பதை 3,00 என்று அச்சடிக்குது. பழைய போலிஷ் உரைக் கோப்பைத் திறந்தா சொல்லுக்கு நடுவே ¹, ³ தெரியுது. இதெல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா?

#2 · பழைய_டெர்மினல்

தனித்தனி. விசையை அழுத்தினால் எந்த எழுத்து என்பது லேஅவுட். தேதி, எண், அகரவரிசை, செய்திகளின் மொழி எல்லாம் லொகேல். கோப்புக்குள் எந்த பைட் என்பது குறியாக்கம். திரையில் எந்த உருவம் என்பது எழுத்துரு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. 'மொழியைச் சேர்' என்ற ஒற்றைப் பொத்தானுக்குள் நாலையும் போட்டு அடைத்ததுதான் குழப்பத்துக்கு மூலம்.

< > | விஷயம் மென்பொருள் கோளாறே இல்லை. ஐரோப்பிய விசைப்பலகையில் 105 விசை. இடது ஷிஃப்ட் குட்டையாக இருக்கும், அதற்கும் இசட்டுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு விசை உண்டு. ஜெர்மன் லேஅவுட் அந்த மூன்று குறிகளையும் அந்த ஒரு விசையில்தான் வைத்திருக்கிறது. உங்கள் பலகையில் அந்த விசையே கிடையாது, பிறகு எங்கே தேடினாலும் எப்படி வரும்? ஆபத்துக்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 60, 62, 124. ஆனால் அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

ஹங்கேரியனில் இதே கதை. அங்கே அந்த விசையில் உட்கார்ந்திருப்பது ஐ அக்யூட் (மேலே சாய்கோடு போட்ட ஐ), அதாவது முழு எழுத்து. அதற்காகவே விண்டோஸில் 'ஹங்கேரியன் 101-கீ' என்று தனி லேஅவுட் இருக்கிறது. ஜெர்மனுக்கு அந்தச் சலுகை இல்லை.

#3 · உம்லாவுட்டு

போலிஷ் பிரச்சினை ஒரு நிமிஷ வேலை. நீங்க தேர்ந்தெடுத்தது 'போலிஷ் (214)', பழைய தட்டச்சுப்பொறி வரிசை. போலிஷ்காரர்களே அதைச் சீந்துறதில்லை. அதை நீக்கிட்டு 'போலிஷ் (புரோகிராமர்ஸ்)' போடுங்க. அடிப்படை அமெரிக்க வரிசையேதான், விசை எதுவும் நகராது. ஆல்ட்ஜிஆர் (வலது ஆல்ட்) பிடிச்சுக்கிட்டு ஏ, சி, ஈ, எல், என், ஓ, எஸ், இசட் அழுத்தினா அந்தந்த போலிஷ் எழுத்து வரும். இசட்டுக்கு ரெண்டு வடிவம் இருக்கே? மேல் புள்ளி வச்சது ஆல்ட்ஜிஆர்+இசட், அக்யூட் போட்டது ஆல்ட்ஜிஆர்+எக்ஸ். இதை மட்டும் மனப்பாடம் பண்ணணும்.

ஒரு பொறி: விண்டோஸின் இந்த லேஅவுட்டில் டில்டே ஒரு டெட் கீ. அழுத்தினா உடனே தெரியாது, அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். டில்டே மட்டும் வேணும்னா அழுத்திட்டு ஸ்பேஸ் தட்டுங்க.

விண்டோஸில் சேர்க்கும் வழி ரெண்டு, விளைவும் வேற வேற. செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்குவேஜ் → லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய் 'ஆட் எ லாங்குவேஜ்' கொடுத்து ஜெர்மனைச் சேர்த்தா, லேஅவுட்டோட எழுத்துப்பிழைத் திருத்தியும் வரும். நிறுவும்போது 'செட் ஆஸ் மை விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ்' டிக்கை எடுத்திடுங்க, இல்லேன்னா மெனு மொத்தமும் ஜெர்மன் ஆயிடும். இன்னொரு வழி, ஏற்கெனவே இருக்கிற ஆங்கிலத்துக்குப் பக்கத்து மூணு புள்ளி → லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் → 'ஆட் எ கீபோர்டு'. இதில் லேஅவுட் மட்டும்தான் வரும்.

ரெண்டாவது வழி இலேசா இருக்கேன்னு போகாதீங்க. வேர்டு எந்த மொழியில் தட்டச்சு செய்றீங்கன்னு கண்டுபிடிக்கிறது விசைப்பலகை எந்த மொழிக்குக் கீழே இருக்குன்னு பார்த்துத்தான். ஆங்கிலத்துக்குக் கீழே ஜெர்மன் லேஅவுட்டைத் தொங்கவிட்டா உங்க ஜெர்மன் பத்தி முழுக்க சிவப்புக் கோடு.

'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பா இருந்தா மெனு மொழியை மாத்த முடியாது. ஆனா லேஅவுட், திருத்தி எத்தனை வேணும்னாலும் சேர்க்கலாம். அந்தப் பதிப்பில் போலிஷ் தட்டச்சே வராதுன்னு சிலர் சொல்றது தப்பு.

#4 · நடுநிசி_நிரலன்

மூணு மொழிக்கு மூணு லேஅவுட் வச்சுக்கிட்டா மூளை குழம்பிடும்ங்க. ஜெர்மனில் ஒய்-இசட் இடமாற்றம். பிரெஞ்சில் ஏ இருந்த இடத்தில் க்யூ, எண் போடவே ஷிஃப்ட். நீங்க வச்சிருக்கிறது அமெரிக்கப் பலகை, விசைமேல அச்சாகியிருக்கிறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. ஒரே லேஅவுட்டில் எல்லாத்தையும் முடிங்க.

விண்டோஸில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல்' போடுங்க. ஆல்ட்ஜிஆர்+க்யூ ஏ உம்லாவுட் (மேலே ரெட்டைப் புள்ளி), பி ஓ உம்லாவுட், ஒய் யூ உம்லாவுட், எஸ் எஸ்ஸெட் (ß), ஈ ஈ அக்யூட், கமா சி செடில்லா (அடியில் கொக்கி), 5 யூரோ. ஷிஃப்ட் சேர்த்தா பெரிய எழுத்து. பிரெஞ்சின் கிரேவும் தொப்பியும் டெட் கீயில்: ` அழுத்தி ஏ, ^ அழுத்தி ஈ.

#5 · உம்லாவுட்டு

டெட் கீயோட தொல்லையைச் சொல்லாம விட்டுட்டீங்களே. இன்டர்நேஷனலில் ' " ` ~ ^ அஞ்சும் டெட் கீ. மேற்கோள் குறி போட்டு 'ஏ'-வில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லை அடிங்க, மேற்கோள் காணாமப் போய் ஏ உம்லாவுட் நிக்கும். நிரல் எழுதுறவங்களுக்கு இது நரகம். தவிர அதில் இருக்கிறது மேற்கு ஐரோப்பா மட்டும். போலிஷ் எல்-கோடு (குறுக்கே கோடு போட்ட எல்), ஓகோனெக் (அடியில் வால்), செக் காரோன் (மேலே குட்டி 'வி') எதுவுமே அதில் கிடையாது, எந்தச் சேர்க்கையிலும் வராது. அதனால் இவருக்கு ஒரே லேஅவுட்னு முடிக்க முடியாது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சுக்கு இன்டர்நேஷனல், போலிஷுக்கு புரோகிராமர்ஸ், ருமேனியனுக்கு ருமேனியன் (புரோகிராமர்ஸ்). மூணுமே அமெரிக்க வரிசை மேல கட்டினது, விரல் பழக்கம் மாறாது.

#6 · நடுநிசி_நிரலன்

அது சரி, ஒப்புக்கிறேன். அப்போ சிவப்புக் கோட்டுக்கு ஒரு ஒட்டு: ஜெர்மனையும் பிரெஞ்சையும் மொழியாச் சேர்த்துட்டு, அதுக்குள்ள லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய் இன்டர்நேஷனல் லேஅவுட்டைச் சேர்த்து, கூட வந்த சொந்த லேஅவுட்டை நீக்கிடலாம். மொழி ஜெர்மன், விசை அமெரிக்கன். வின்+ஸ்பேஸில் மொழி மாறும், எழுத்துப்பிழைத் திருத்தியும் கூடவே மாறும், விரல் மட்டும் அங்கேயே இருக்கும்.

இன்னொண்ணு. விண்டோஸில் ஆல்ட்ஜிஆர்னா கன்ட்ரோல்+ஆல்ட்தான். ஏதாவது மென்பொருள் கன்ட்ரோல்+ஆல்ட்+எல்லை குறுக்குவழியாப் பிடிச்சு வச்சிருந்தா, போலிஷ் எல்-கோடு அந்த மென்பொருளுக்குள் மட்டும் வராது. ஒரு எழுத்து மட்டும், ஒரு இடத்தில் மட்டும் மக்கர் பண்ணினா முதல் சந்தேகம் இதுதான். லேஅவுட்டை மாத்திப் பயனில்லை, அந்தக் குறுக்குவழியை எடுங்க.

#7 · பழைய_டெர்மினல்

ஆல்ட்+எண் முறையைப் பற்றி ஒரு வரி, எல்லாரும் தப்பாகவே பயன்படுத்துவதால். முன்னால் பூஜ்யம் இருந்தால் ஒரு அட்டவணை, இல்லாவிட்டால் வேறு அட்டவணை. ஆல்ட்+130 டாஸ் காலத்து அட்டவணைப்படி ஈ அக்யூட். ஆல்ட்+0233 விண்டோஸ்-1252 படி அதே எழுத்து. இந்தப் பூஜ்ய வகை அப்போது தேர்வில் உள்ள மொழியைப் பொறுத்தது. ரஷ்யன் லேஅவுட்டில் இருந்துகொண்டு 0233 அடித்தால் சிரிலிக் எழுத்துதான் வரும். பிரெஞ்சு லேஅவுட்டான ஆசெர்ட்டியில் பெரிய ஈ அக்யூட்டுக்கு நேரடி விசை இல்லாததால் அங்கே 0201 பழக்கம். எஸ்ஸெட் 0223, யூரோ 0128. நம்பர் பேடு இல்லாத மடிக்கணினியில் இதெல்லாம் வீண். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள குயிக் ஆக்சென்ட் தேவலை.

#8 · கீச்சுவிசை

214-ஐ நீக்கிட்டேன், #6-ல் சொன்னபடி அமைச்சாச்சு. போலிஷ் சரி, ஜெர்மன் சரி, < > | திரும்பி வந்தாச்சு. ஆனா வின்+ஸ்பேஸ் பட்டியலில் நான் சேர்க்கவே சேர்க்காத 'இங்கிலீஷ் யூஎஸ்' ஒண்ணு தானா முளைக்குது. செட்டிங்ஸில் பார்த்தா இல்லை. டெபியனில் இதே அமைப்பை எப்படிச் செய்றது?

#9 · உம்லாவுட்டு

அந்தப் பேய் லேஅவுட் ரெண்டு வழியா வரும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இந்தக் கணினிக்குள் நுழையும்போது, அந்தப் பக்கத்து லேஅவுட்டும் கூடவே வந்து ஒட்டிக்கும். அப்படின்னா ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம்\சிஸ்டம்\கரன்ட்கன்ட்ரோல்செட்\கன்ட்ரோல்\கீபோர்டு லேஅவுட் என்ற இடத்தில் 'இக்னோர்ரிமோட்கீபோர்டுலேஅவுட்' என்று ஒரு டிவேர்டு உருவாக்கி 1 கொடுங்க, மறுதுவக்கம் பண்ணுங்க.

ரிமோட்டே பயன்படுத்தலேன்னா, வரவேற்புத் திரையோட பட்டியலிலிருந்து கசியுது. செட்டிங்ஸில் அதே லேஅவுட்டை வேணும்னே ஒருமுறை சேர்த்து, உடனே நீக்குங்க. பாதி நேரம் இதுவே போதும். போகலேன்னா அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ் → 'காப்பி செட்டிங்ஸ்' போய் 'வெல்கம் ஸ்கிரீன் அண்ட் சிஸ்டம் அக்கவுண்ட்ஸ்' டிக் போட்டு, உங்க இப்போதைய அமைப்பை அங்கேயும் நகலெடுங்க. இதைச் செய்யாம விட்டா கடவுச்சொல் திரையில் ஒரு லேஅவுட், உள்ளே இன்னொண்ணுன்னு அலைய வேண்டியிருக்கும்.

ஆல்ட்+ஷிஃப்ட், கன்ட்ரோல்+ஷிஃப்ட் தெரியாம பட்டு லேஅவுட் மாறிக்கிட்டே இருந்தா: டைப்பிங் → அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் → இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் → சேஞ்ச் கீ சீக்வென்ஸ், ரெண்டையும் 'நாட் அசைன்டு' ஆக்குங்க. வின்+ஸ்பேஸ் ஒண்ணு போதும்.

#10 · பழைய_டெர்மினல்

டெபியன். டெஸ்க்டாப்பான க்னோம், வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடினால், லேஅவுட் மாற்றும் பழைய 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளைக்கு மதிப்பில்லை. இணையத்தில் பாதி வழிகாட்டிகள் அதைத்தான் சொல்கின்றன, ஒன்றும் நடக்காமல் ஆட்கள் முழிக்கிறார்கள். செட்டிங்ஸ் → கீபோர்டு → இன்புட் சோர்ஸஸ் வழியாகச் சேருங்கள்.

முதல் லேஅவுட் 'இங்கிலீஷ் (இன்டர்நேஷனல், வித் ஆல்ட்ஜிஆர் டெட் கீஸ்)'. இது விண்டோஸ் இன்டர்நேஷனலை விட நாகரிகமானது. மேற்கோளும் டில்டேயும் சாதாரணமாகவே வரும். ஆல்ட்ஜிஆர் சேர்த்து அழுத்தினால்தான் டெட் கீ ஆகும். ஆல்ட்ஜிஆர்+' பிறகு ஓ என்றால் ஓ அக்யூட், ஆல்ட்ஜிஆர்+` பிறகு ஏ என்றால் ஏ கிரேவ். உம்லாவுட்டுக்கான க்யூ, பி, ஒய் விண்டோஸ் மாதிரியே. இரண்டாவது 'போலிஷ்', பெயரில் ஒட்டு எதுவும் இல்லாதது. லினக்ஸில் அதுவே புரோகிராமர்ஸ் வகை. மூன்றாவது 'ருமேனியன்', அதுவும் ஒட்டில்லாமல்.

ஒரே லேஅவுட்டில் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்றால் பட்டியலில் 'யூர்கீ' இருக்கிறது, அமெரிக்க வரிசையின் மேல் ஐரோப்பிய எழுத்துகளைப் பரப்பியது.

டெஸ்க்டாப்புக்கு வெளியே, வெறும் கன்சோலுக்கு: /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பு. அதில் எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் கமா போட்டு அடுக்கலாம், மொத்தம் 4 வரைதான். லினக்ஸின் லேஅவுட் அமைப்பான எக்ஸ்கேபியின் எல்லை அது. மூன்று ஐரோப்பிய லேஅவுட்டோடு தமிழ்99-ம் வைத்தால் கோட்டா முடிந்தது.

#11 · நடுநிசி_நிரலன்

எப்பவாவது ஒருமுறை வரும் எழுத்துக்கெல்லாம் லேஅவுட் சேர்க்காதீங்க, கம்போஸ் கீ வைங்க. க்னோமில் அதே கீபோர்டு பக்கத்தில் 'கம்போஸ் கீ' என்று இருக்கு. மெனு விசையையோ வலது கன்ட்ரோலையோ கொடுங்க. வலது ஆல்ட்டைக் கொடுத்துடாதீங்க, ஆல்ட்ஜிஆர் போயிடும்.

பிறகு ஒவ்வொண்ணா அழுத்தி விடணும், பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம். கம்போஸ், /, எல்: போலிஷ் எல்-கோடு. கம்போஸ், எஸ், எஸ்: எஸ்ஸெட். கம்போஸ், ஓ, ஈ: பிரெஞ்சின் ஒட்டெழுத்து. கம்போஸ், =, ஈ: யூரோ. கம்போஸ், சி, எஸ்: காரோன் போட்ட எஸ். கம்போஸ், =, ஓ: ஹங்கேரியனின் ரெட்டைக்கோட்டு ஓ. கம்போஸ், <, <: பிரெஞ்சு மேற்கோள் «. எழுத்தோட உருவத்தைப் பார்த்தே பாதி யூகிச்சிடலாம்.

#12 · எழுத்தாணி

லொகேல் சிக்கலுக்கு வருகிறேன். 3,00 வந்தது ஏன்? ஜெர்மனில் தசமக் குறி கமா. பாஷின் பிரின்ட்எஃப் லொகேலைப் பார்த்து, 3.14-ல் 3 வரை படித்து, புள்ளியைக் கண்டதும் 'செல்லாத எண்' என்று முனகிவிட்டு, மிச்சத்தைத் தள்ளிவிட்டு 3,00 என்று தருகிறது. கவனியுங்கள், நிரல் நிற்காது. தவறான எண்ணோடு தொடர்ந்து ஓடும். பிழைச் செய்தியைப் பதிவுக் கோப்புக்குத் திருப்பியிருந்தால் யார் கண்ணிலும் படாது.

தீர்வு: ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'எக்ஸ்போர்ட் எல்சி_நியூமெரிக்=சி'. ஆனால் எங்காவது எல்சி_ஆல் அமைக்கப்பட்டிருந்தால் இந்த வரி செல்லாக்காசு. முன்னுரிமை வரிசை: எல்சி_ஆல், பிறகு தனித்தனி எல்சி_ மாறிகள், கடைசியில் லாங். எல்சி_ஆலை சுயவிவரக் கோப்பில் நிரந்தரமாக வைப்பது கெட்ட பழக்கம். ஒரு கட்டளையைச் சோதிக்க அதன் முன்னால் ஒட்டிப் பார்ப்பதற்கானது அது.

உங்கள் தேவைக்கு முழு லொகேலையும் ஜெர்மன் ஆக்கியிருக்கவே வேண்டாம். டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ் ஓட்டி, வேண்டியவற்றை டிக் செய்யுங்கள். பெயரின் கடைசியில் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறியாக்கம்) என்று இருப்பதை மட்டும் எடுங்கள். பட்டியலில் வெறும் ஜெர்மன்-ஜெர்மனி என்று ஒன்று இருக்கும், அது ஐஎஸ்ஓ 8859-1. 'அட் யூரோ' ஒட்டியது 8859-15. இரண்டும் பழைய காலத்துக்கானவை, அவற்றை எடுத்தால் கோப்புப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகும். பிறகு லாங் மாறிக்கு ஆங்கிலம்-அயர்லாந்து கொடுங்கள். மெனு ஆங்கிலம், நாணயம் யூரோ, தேதி நாள்-மாதம்-ஆண்டு, காகிதம் ஏ4, தசமக் குறி புள்ளி. ஐரோப்பிய வேலையும் ஸ்கிரிப்டும் சண்டை போடாமல் இருக்க இதைவிட நல்ல கலவை இல்லை. தேதி 2024-05-31 என்ற வடிவில் வேண்டுமானால் எல்சி_டைமை மட்டும் ஆங்கிலம்-டென்மார்க் ஆக்குங்கள்.

இந்த அமைப்போடு எஸ்எஸ்எச் வழியாக வேறு சர்வருக்குள் நுழைந்தால் 'பெர்ல்: வார்னிங்: செட்டிங் லொகேல் ஃபெயில்டு' என்று பத்து வரி கொட்டும். டெபியனின் எஸ்எஸ்எச் லாங், எல்சி_ மாறிகளைத் தன்னோடு அனுப்புகிறது. அந்தப் பக்கம் அயர்லாந்து லொகேல் உருவாக்கப்படவில்லை. அங்கே உருவாக்குங்கள், அல்லது இங்கே எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சென்ட்என்வ் வரியை முடக்குங்கள்.

#13 · பழைய_டெர்மினல்

விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு இதே கமா வேறு வேஷத்தில் வரும். விண்டோஸ் ரீஜன் ஜெர்மன் என்றால் பட்டியல் பிரிப்பான் அரைப்புள்ளி. கமா போட்ட சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் கிடக்கும். அதோடு 1.5 என்ற எண் மே 1 ஆகிவிடும். சேமித்துவிட்டால் மூல எண் போயே போயிற்று. இருமுறை சொடுக்காதீர்கள். டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகப் போய்க் குறியாக்கம் 65001 (அதாவது யூடிஎஃப்-8), பிரிப்பான் கமா என்று கையால் கொடுங்கள்.

#14 · எழுத்தாணி

இப்போது ¹, ³. இதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். கோப்பு விண்டோஸ்-1250 குறியாக்கத்தில், அதாவது மத்திய ஐரோப்பிய அட்டவணையில் சேமித்தது. உங்கள் எடிட்டர் அதை 1252, மேற்கு ஐரோப்பிய அட்டவணையாகப் படிக்கிறது. 1250-ல் ஓகோனெக் போட்ட ஏ பைட் 185, கோடு போட்ட எல் 179. அதே எண்கள் 1252-ல் ¹, ³.

சில கோப்பில் ¹ இருக்க வேண்டிய இடத்தில் ± தெரியும், ¶ கூட வரும். அப்படியானால் மூலம் 1250 அல்ல, ஐஎஸ்ஓ 8859-2. அதில் ஓகோனெக் ஏ 177, அக்யூட் எஸ் 182. எல்-கோடு இரண்டிலும் 179-தான், அதனால் ³ ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். யூரோ இருக்க வேண்டிய இடத்தில் ¤ வந்தால் 8859-15 கோப்பை 8859-1 ஆகப் படிக்கிறீர்கள். ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, முதலாவது டில்டே போட்ட பெரிய ஏ, அடுத்தது © போன்ற குறி என்றால், கோப்பு சரியான யூடிஎஃப்-8. படிக்கும் மென்பொருள்தான் அதை 1252 என்று நினைக்கிறது. ஈ அக்யூட் யூடிஎஃப்-8-ல் 195, 169 என்ற இரண்டு பைட். அந்தக் கோப்பை மாற்றாதீர்கள், மென்பொருளின் அமைப்பை மாற்றுங்கள். இந்த நிலையில் திறந்து அப்படியே யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டால் இரட்டைக் கோளாறு. பிறகு ஒருமுறை பின்னோக்கி மாற்றி எடுக்க வேண்டியிருக்கும்.

மாற்றுவதற்கு: ஐகான்வ் -எஃப் விண்டோஸ்-1250 -டி யூடிஎஃப்-8 பழையது > புதியது. இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்தால் கோப்பு பூஜ்ய பைட் ஆகிவிடும், ஏனென்றால் ஐகான்வ் படிக்கும் முன்பே ஷெல் அதை வெறுமையாக்கிவிடும். பிழையின்றி முடிந்தது என்பதற்காக யூகம் சரி என்று நம்பாதீர்கள். 8859-2 அட்டவணையில் 256 இடமும் நிரம்பியிருப்பதால் எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. மாற்றிய பின் உரையைக் கண்ணால் பாருங்கள்.

#15 · கீச்சுவிசை

± தான் இருக்கு ஒரு கோப்பில், அதே மாதிரி 8859-2-ன்னு கொடுத்ததும் சரியாயிடுச்சு. விண்டோஸில் 'பீட்டா: யூஸ் யூனிகோடு யூடிஎஃப்-8' என்று ஒரு டிக் பெட்டி பார்த்தேன். அதைப் போட்டுட்டா இந்தத் தலைவலியெல்லாம் மொத்தமா தீருமா?

#16 · உம்லாவுட்டு

தீராது, புதுசா வரும். அந்த டிக் யூனிகோடு தெரியாத பழைய மென்பொருள்களுக்கு 'இனி உன் அட்டவணை 65001' என்று சொல்லுது, அவ்வளவுதான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட்னு நம்பி எழுதின நிரல்கள் எழுத்தைப் பாதியில் வெட்டும், சிலது திறக்கவே திறக்காது. ஏற்கெனவே 1250-ல் கிடக்கும் கோப்பு அதே பைட்டோடதான் கிடக்கும். அவசியம்னு ஒரு மென்பொருள் கேட்டா மட்டும் போடுங்க.

#17 · எழுத்தாணி

கேள்வி கேட்டவர் ருமேனியன் கோப்பு திருத்துவதாகச் சொன்னார், அதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ருமேனியனின் எஸ், டி இரண்டுக்கும் அடியில் இருக்க வேண்டியது தனியே நிற்கும் கமா. பழைய கோப்புகளில் இருப்பது ஒட்டிய செடில்லா. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு எழுத்து: செடில்லா எஸ் யூனிகோடில் 351, கமா எஸ் 537; செடில்லா டி 355, கமா டி 539. கமா வடிவங்கள் யூனிகோடுக்குள் தனி எழுத்தாக வந்ததே 1999-ல், 3.0 பதிப்பில். 1250, 8859-2 இரண்டிலும் செடில்லா மட்டுமே உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் எழுத்துருக்களில் கமா வடிவம் இல்லாமல், ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2007 வாக்கில் தனியாக ஒரு எழுத்துருப் புதுப்பிப்பு விட வேண்டியிருந்தது.

ஆகவே ஐகான்வ் சரியாக மாற்றிய பிறகும் உங்களிடம் இருப்பது செடில்லாதான். நீங்கள் புது லேஅவுட்டில் கமா எழுத்தைத் தட்டித் தேடினால் கோப்பில் அந்தச் சொல் கண் முன்னால் இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று வரும். உரையில் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையால் நாலையும் (பெரிய எழுத்து 350, 354 சேர்த்து) 536 முதல் 539 வரை மாற்றிவிடுங்கள். லேஅவுட் பட்டியலில் 'ருமேனியன் (லெகசி)' பக்கம் போகாதீர்கள். கோப்பில் துருக்கிப் பெயர்களும் கலந்திருந்தால் கண்மூடி மாற்றக் கூடாது, துருக்கியில் செடில்லா எஸ்தான் முறையானது.

#18 · நடுநிசி_நிரலன்

துருக்கின்னதும் ஞாபகம் வருது. அந்த லொகேலில் சின்ன ஐ-க்குப் பெரிய எழுத்து புள்ளி வச்ச ஐ. புள்ளியில்லாத பெரிய ஐ-க்குச் சின்னது புள்ளியில்லாததே. 'பெரிய எழுத்தாக்கி ஒப்பிடு'ன்னு எழுதின நிரல் துருக்கி லொகேலில் மட்டும் உடையும். உள்விவகாரச் சொற்களுக்கு லொகேல் சாராத மாற்றத்தைப் பயன்படுத்தணும்.

எஸ்டோனியன் இதைவிட வேடிக்கை. இசட் அங்கே எஸ்ஸுக்குப் பின்னாடி, டிக்கு முன்னாடி. அகரவரிசையைப் பின்பற்றும் நிரலில் 'ஏ முதல் இசட் வரை'ன்னு வடிகட்டினா டி, யூ, வி எல்லாம் வெளியே.

#19 · பழைய_டெர்மினல்

அகரவரிசை என்றால் தரவுத்தளக்காரர்களுக்கு ஒன்று. 2018-ல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 அகரவரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. அதற்கு முந்தைய லினக்ஸில் கட்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உரை இன்டெக்ஸ்களை அப்படியே தூக்கிப் புதியதில் வைத்தால், இருக்கும் பதிவு தேடினால் கிடைக்காது, தனித்துவ விசையில் இரட்டைப் பதிவு நுழையும். டெபியன் 9-லிருந்து 10-க்கு ஏறியவர்கள் அனைவருக்கும் இது பொருந்தும். ரீஇன்டெக்ஸ் கட்டாயம்.

#20 · கீச்சுவிசை

இன்னும் ரெண்டே ரெண்டு. மேக்கிலிருந்து வந்த ஒரு கோப்புறையில் ஒரே பெயரில் ரெண்டு கோப்பு காட்டுது, பெயரில் ஈ அக்யூட் இருக்கு. அப்புறம் சில போலிஷ் சொற்களில் ஒரு எழுத்து மட்டும் வேற எழுத்துருவில் தெரியுது.

#21 · எழுத்தாணி

ஒரே பெயர் அல்ல. ஒன்றில் ஈ அக்யூட் ஒற்றை எழுத்து, 233. இன்னொன்றில் வெறும் ஈ 101, அதன்பின் சேர்க்கைக் குறி 769. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். கான்வ்எம்வி -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் என்று கோப்புறைக்கு ஓட்டுங்கள். அது என்ன செய்யப்போகிறது என்று காட்டும், எதையும் செய்யாது. பார்த்துவிட்டு --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டினால்தான் மாற்றும். இரண்டு கோப்பும் ஒரே இடத்தில் இருப்பதால் பெயர் மோதும், முதலில் ஒன்றை நகர்த்திவிடுங்கள்.

எழுத்துருவுக்கு: நீங்கள் தேர்ந்தெடுத்ததில் அந்த எழுத்து இல்லை, கணினி வேறொன்றிலிருந்து கடன் வாங்குகிறது. எஃப்சி-லிஸ்ட் :லாங்=பிஎல் என்றால் போலிஷ் முழுமையாக உள்ளவை மட்டும் பட்டியலாக வரும். நோட்டோ, டெஜாவூ, லிபரேஷன் மூன்றும் தேறும். ஆவணம் கலிப்ரியில் வந்திருந்தால் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா நிறுவுங்கள். எழுத்து அகலம் ஒத்துப்போகும், பக்கம் உடையாது. திருத்திக்கு ஹன்ஸ்பெல் தொகுப்புகள் மொழிக்கு ஒன்றாகத் தனியே நிறுவ வேண்டும், லொகேலோடு வராது.

#22 · கீச்சுவிசை

நடந்தது. கடைசியா ஒண்ணு: டெபியனில் வட்டு மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) இருக்கு. முன்னாடி லேஅவுட் ஜெர்மனா இருந்தப்போ வச்ச கடவுச்சொல். இப்போ அமெரிக்கன் ஆக்கியாச்சு. துவக்கத்தில் எது எடுக்கும்?

#23 · பழைய_டெர்மினல்

துவக்கத்தில் முதலில் ஏறும் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் கடைசியாகக் கட்டப்பட்டபோது /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டில் என்ன இருந்ததோ அது. அந்தக் கோப்பை மாற்றிவிட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ இன்னும் ஓட்டாவிட்டால் துவக்கத்தில் ஜெர்மன்தான். நீங்கள் ஓட்டாவிட்டாலும் அடுத்த கெர்னல் புதுப்பிப்பு தானாகவே ஓட்டிவிடும், அன்று காலையில் கடவுச்சொல் 'தவறு' ஆகும். /பூட் பகுதியும் மறையாக்கத்தில் இருந்தால் கடவுச்சொல் கேட்பது துவக்க நிரலான க்ரப். அது எப்போதும் அமெரிக்க வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால்: ஜெர்மன் வரிசையில் எந்த விசையை அழுத்தினீர்களோ அதில் ஒய்யையும் இசட்டையும் மட்டும் மாற்றிப் போட்டால் எழுத்துகள் தேறும். இணைப்புக்கோடு ஜெர்மனில் இருந்த விசை அமெரிக்கனில் சாய்கோடு.

மாட்டிக்கொள்ளும் முன்: கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஆட்கீ கொண்டு இரண்டாவது கடவுச்சொல் சேருங்கள், எல்லா லேஅவுட்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளால் ஆனதாக. ஒய், இசட், ஏ, க்யூ, டபிள்யூ, எம் வேண்டாம், குறிகள் வேண்டாம், எண்ணும் வேண்டாம் (ஆசெர்ட்டியில் ஷிஃப்ட்). குறிகள் போன வலிமையை நீளத்தில் ஈடுகட்டுங்கள். வட்டு மறையாக்க முறையான லக்ஸ் 1-ல் கடவுச்சொல்லுக்கு 8 இடம், லக்ஸ் 2-ல் 32 இடம் இருக்கிறது, பழையதை நீக்க வேண்டிய அவசியமில்லை. புதியதால் ஒருமுறை துவக்கிப் பார்த்த பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தொடுங்கள்.